கொல்லைப்புறத்து டிராக்டர்

விஸ்கான்சின் மாநிலத்தில் மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையை ஒட்டி, ராசீன் ஊரிலிருந்து வடக்கே காரில் கிளம்பினால், புல்வெட்டும் இயந்திரங்கள் பிறந்த ஊர்களில் பலவற்றை ஒரே பகலில் பார்த்துவிடலாம். ராசீனில் ஜேக்கப்சன். மில்வாக்கியில் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன். போர்ட் வாஷிங்டன் என்ற ஏரிக்கரைச் சிற்றூரில் சிம்ப்ளிசிட்டி, போலென்ஸ் என்று இரண்டு. ஷெபாய்கன் பக்கத்தில் கோலர். இன்னும் வடக்கே பிரில்லியனில் ஏரியன்ஸ். மேற்கே உள்ளடங்கி, வாத்தும் கொக்கும் வந்து இறங்கும் பெரிய சதுப்பு நிலத்தின் ஓரத்தில் ஹோரிக்கான். அங்கே ஜான் டியர். இவற்றில் சில ஆலைகள் இன்றும் ஓடுகின்றன, சில கைமாறின, சில மூடிக் கிடக்கின்றன.

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம் பண்ணையக் குடும்பத்தில் பிறந்தவள். உலோகவியல் படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் பம்ப் செட் வார்ப்படங்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பிறகு திருமணமாகி இங்கே வந்து, ஒரு வார்ப்பட ஆலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றேன். எங்கள் வீட்டு நிலம் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல். கணவருக்குப் புல் ஒத்துக்கொள்ளாது, வெட்டுகிற நாளில் கண் வீங்கித் தும்மல் பிடித்துவிடும். அதனால் ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை புல் என் பொறுப்பு. மே மாதத்தில் மழையும் வெயிலும் மாறி மாறி வரும்போது வாரத்துக்கு இரண்டு முறை இறங்கியாக வேண்டும். கையில் பிடிக்கிற இயந்திரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. தேடிப் போன இடமெல்லாம் நான் விட்டுவந்த பண்ணையத்துக்கே என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

1830-க்கு முன்னால் புல்வெளி என்பது பெரிய பண்ணை மாளிகைகளின் சொத்து. இங்கிலாந்திலும் பிரான்சிலும் அதை ஆடு மேய்ந்து மட்டப்படுத்தும், அல்லது கூலியாட்கள் நீண்ட பிடி போட்ட பெரிய அரிவாளால் அறுப்பார்கள். பனி காய்வதற்குள் அறுத்தால்தான் புல் நின்று கொடுக்கும், காய்ந்துவிட்டால் கத்திக்கு முன்னால் படுத்துக்கொள்ளும். அதனால் விடியலிலேயே இறங்க வேண்டும். வரிசையாக நின்று, ஒரே தாளத்தில் வீசி, மேடு பள்ளம் தெரியாமல் அறுப்பது கைத்திறன் வேண்டிய வேலை. அந்தத் திறனுக்குக் கூலி கொடுக்க முடிந்தவர்களே புல்வெளி வைத்துக்கொண்டார்கள்.

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் ஸ்ட்ரௌட் என்ற ஊர், கம்பளித் துணிக்குப் பேர்போன பள்ளத்தாக்கு. நெய்து முடித்த கம்பளியில் பிசிறு நிற்கும். அதை ஒரே மட்டமாகச் செதுக்க ஆலைகளில் ஓர் இயந்திரம் இருந்தது: உருளையின்மேல் திருகலாகச் சுற்றிய கத்திகள், அடியில் அசையாத ஒரு நேர்க்கத்தி. உருளை சுற்றச் சுற்ற இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட பிசிறு கத்தரிபட்டுப் போகும். அங்கே இயந்திர வேலை பார்த்த எட்வின் பட்டிங், துணிக்குப் பதில் தரையை வைத்து யோசித்தார். 1830 ஆகஸ்ட் 31-ஆம் தேதி காப்புரிமை பெற்றார். ஜான் ஃபெராபி என்பவர் பண உதவி செய்து தம் இரும்பு ஆலையில் செய்து கொடுத்தார். அக்கம்பக்கத்தார் கண்ணில் படக் கூடாது என்று பட்டிங் அதை இரவில் ஓட்டிப் பார்த்ததாக ஒரு கதை உண்டு. முதலில் வாங்கியவற்றில் லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க்கிலுள்ள உயிரியல் பூங்காவும் ஒன்று.

அந்தக் காப்புரிமை ஆவணத்தில் பட்டிங் ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்: கிராமப்புறத்துச் சீமான்கள் இதைத் தாங்களே ஓட்டினால் பொழுதும் போகும், உடம்புக்கும் நல்லது. இதைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கூலியாள் செய்த வேலையைச் சொந்தக்காரர் கைக்கு மாற்றும் பேச்சு முதல் இயந்திரத்தோடேயே வந்துவிட்டது. அடுத்த நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளும் கடைக்காரர்கள் அதையேதான் வேறு வேறு விதமாகச் சொல்லிவருகிறார்கள்.

இப்ஸ்விச் ஊரில் வயல் கருவிகள் செய்துகொண்டிருந்த ரான்சம்ஸ் 1832-இல் உரிமம் வாங்கிச் செய்ய ஆரம்பித்தது. ஸ்காட்லாந்தின் ஆர்பிரோத்தில் அலெக்ஸாண்டர் ஷாங்க்ஸ் 1842-இல் மட்டக்குதிரை இழுக்கும் இயந்திரம் செய்தார். குளம்பு புல்லில் பதியாமல் இருக்க இப்படி இழுக்கும் குதிரைகளுக்குத் தோலால் காலுறை தைத்து மாட்டினார்கள். அடுத்தது நீராவி. லங்காஷயரில் லேலண்ட் என்ற ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் சம்னர் 1893-இல் நீராவியால் ஓடும் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை எடுத்தார். அது டன் கணக்கில் கனத்தது. பெரிதாக விற்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பம் 1896-இல் ஸ்பரியர் குடும்பத்தோடு கூட்டுச் சேர்ந்து லங்காஷயர் ஸ்டீம் மோட்டார் கம்பெனியைத் தொடங்கியது. 1907-இல் அது லேலண்ட் மோட்டார்ஸ் ஆனது. எண்ணூரில் 1955-இல் அசோக் மோட்டார்ஸின் பேரோடு சேர்ந்த லேலண்ட் அதுதான். நான் கோபியிலிருந்து கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிப் படிக்கப் போன நாளெல்லாம், முன்பக்கத்தில் அந்தப் பேரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அமெரிக்காவுக்குப் புல்வெளி வந்து சேர்ந்தபோது வேலி போய்விட்டது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓம்ஸ்டெட்டும் வாக்ஸும் 1869-இல் சிகாகோ அருகே ரிவர்சைட் என்ற ஊரைத் திட்டமிட்டார்கள். ஒவ்வொரு வீடும் சாலையிலிருந்து 30 அடி தள்ளியே நிற்க வேண்டும் என்று வைத்தார்கள். அடுத்த ஆண்டே ஃபிராங்க் ஸ்காட் என்பவர் புறநகர் வீட்டு மனைகளை அழகுபடுத்துவது பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதி, முன்புறத்தை வேலியடைத்து மறைப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் அநியாயம் என்று வாதிட்டார். என் வாசல் புல் தெருவுக்கே பொது என்ற எண்ணம் அப்போது வேர்விட்டது. இண்டியானாவின் ரிச்மண்டில் எல்வுட் மக்குவயர், ஒரே ஆள் தள்ளக்கூடிய எடை குறைந்த இயந்திரத்தைச் செய்து அந்த எண்ணத்துக்குக் கால் கொடுத்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து, போர்வீரர்களுக்குச் சலுகைக் கடனில் வீடுகள் எழுந்தபோது அது சட்டமாகவே ஆனது. 1947-இல் நியூயார்க்குக்கு வெளியே லெவிட்டவுன் எழுந்தது. அங்கே வீடு வாங்கியவர்கள் கோடையில் வாரம் ஒருமுறையாவது புல் வெட்ட வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள்.

வாரம் ஒருமுறை. அலுவலகமோ ஆலையோ போய்வருகிறவனுக்குச் சனிக்கிழமைதான் உண்டு. உருளைக் கத்தி இயந்திரம் குட்டைப் புல்லைப் பட்டுப்போல வெட்டும், ஆனால் மழையில் ஓங்கி வளர்ந்துவிட்ட புல்லைக் கண்டால் சிக்கிக்கொண்டு நின்றுவிடும். எடை குறைந்த ஓர் எஞ்சின் வேண்டும், அதன் தண்டு செங்குத்தாகக் கீழே இறங்கி, நுனியில் ஒரே ஒரு பட்டைக்கத்தியை விசிறிபோலச் சுற்ற வேண்டும். இங்கேதான் மில்வாக்கி வருகிறது. ஸ்டீஃபன் பிரிக்ஸும் ஹரால்ட் ஸ்ட்ராட்டனும் 1908-இல் தொடங்கிய நிறுவனம், தண்ணீர் இறைக்கவும் துணி துவைக்கவும் சின்ன எஞ்சின்கள் செய்துகொண்டிருந்தது. 1953-இல் அவர்கள் எஞ்சின் உடலையே அலுமினியத்தில் அச்சு வார்ப்பாக வார்த்தார்கள்.

வார்ப்படக்காரியாக இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. வார்ப்பிரும்பை மணல் அச்சில் ஊற்றிப் பிளாக் எடுத்தால், ஒவ்வொரு பிளாக்குக்கும் ஓர் அச்சு கட்ட வேண்டும், பிறகு அதை உடைக்க வேண்டும். அலுமினியத்தை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தில் செலுத்தினால் அச்சு திறந்து மூடியபடியே இருக்கும், பிளாக் வந்துகொண்டே இருக்கும். எடை குறைந்தது, விலையும் இறங்கியது. ஒரு பெண்ணோ பள்ளிக்கூடப் பையனோ கூடத் தள்ளிப் போகலாம் என்றானது. தேய்மானம் என்று பார்த்தால் இரும்புதான் பலம். எத்தனை வருஷம் உழைத்தால் போதும் என்ற கேள்விக்கு அந்த வருஷம் ஒரு புதிய பதில் வந்தது, அவ்வளவுதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த எஞ்சின் இல்லையென்றால் சாதாரணத் தொழிலாளி வீட்டில் புல்வெட்டும் இயந்திரம் நின்றிருக்காது.

ஆனால் என் மனசு இருக்கிற இடம் அடுத்த பத்தாண்டு. 1940-இல் அமெரிக்காவில் பண்ணையில் வாழ்ந்தவர்கள் சுமார் 3 கோடிப் பேர், 1960-இல் அதில் பாதி. வயலை விட்டு வந்தவர்கள் நகர விளிம்பில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வாங்கி வீடு கட்டினார்கள். அவர்களுக்குப் புல் மட்டும் வெட்டினால் போதாது. காய்கறித் தோட்டம் உழ வேண்டும், வண்டி இழுக்க வேண்டும், ஜனவரியில் வாசல் பனியைத் தள்ள வேண்டும். இண்டியானாவின் சவுத் பெண்டில் பாண்ட் குடும்பத்துத் தந்தையும் மகனும் போர் முடிந்த கையோடு வீட்டிலேயே சின்ன டிராக்டர் கட்டி விற்க, அது வீல் ஹார்ஸ் ஆனது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961-இல் கப் கேடட்டைக் கொண்டுவந்தது. ஹோரிக்கானில் ஜான் டியர் 1963-இல் 110 என்ற மாடலைக் கொண்டுவந்தது. அந்த ஆலை விதை விதைக்கும் கருவி செய்துகொண்டிருந்த வான் பிரண்ட் குடும்பத்துடையது, ஜான் டியர் 1911-இல் வாங்கியது. விதைப்புக் கருவி செய்த கைகள், விதைப்பை விட்டுவந்தவர்களுக்கு டிராக்டர் செய்து கொடுத்தன.

அதனால்தான் அந்தக் காலத்து டிராக்டர் வேறு மாதிரி. செய்தவனுக்கு வயல் டிராக்டரைத் தவிர வேறு இலக்கணம் தெரியாது. வாங்கியவனும் பழுது வந்தால் சாவியை எடுத்துக்கொண்டு கீழே படுத்துப் பழகியவன். அதை விளையாட்டுப் பொருள் என்று சிலர் சொல்லக் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும்.

என்னிடம் இருப்பது அறுபதுகளின் கடைசியில் வந்த ஒரு 110. எஞ்சின் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர், முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் எனக்குக் கொடுத்தார். அதற்கு முன்னால் ஒரு பெரிய கடையில் புதிதாக ஒன்று வாங்கியிருந்தோம். சில கோடைகளிலேயே சரிவில் ஏற மறுத்தது. எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் அதன் கியர் பெட்டி முழுவதும் மூடிய அமைப்பு. எண்ணெய் மாற்ற ஒரு திருகுகூட வைக்கவில்லை. மொத்தமாக மாற்று என்றார்கள். மாற்றும் செலவில் முக்கால் டிராக்டர் வந்துவிடும். கத்தியை மூடியிருந்த தகடும் ஈரப்புல் ஒட்டி ஒட்டி அடியில் அரித்திருந்தது. அந்த வேதனையில் இருந்தபோதுதான் பெரியவர் தம் கொட்டகைக் கதவைத் திறந்து காட்டினார்.

110-இன் எஞ்சின் கோலர் கே181. ஒற்றை சிலிண்டர், 8 குதிரைத்திறன், வார்ப்பிரும்பு பிளாக். குளியலறைக் குழாயில் நம் ஊரார் பார்க்கும் அதே கோலர். 1883-இல் குதிரைத் தண்ணீர்த் தொட்டிக்கு எனாமல் பூசி நான்கு கால் வைத்துக் குளியல் தொட்டி என்று விற்ற நிறுவனம், 1920-இல் பண்ணை வீடுகளுக்கு மின்சாரம் கொடுக்க எஞ்சின் பக்கம் வந்தது. இந்த எஞ்சினில் எனக்குப் பிடித்த இடம், தீப்பொறிக்காகத் திறந்து மூடும் பாயின்ட் இருக்கும் சின்னப் பெட்டி. அந்தக் காலத்துப் பல சின்ன எஞ்சின்களில் பாயின்ட் ஃபிளைவீலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். சுத்தம் செய்வதற்குப் புல்லர் போட்டு ஃபிளைவீலைக் கழற்ற வேண்டும். இதில் பிளாக்கின் பக்கவாட்டில், வெளியே, ஒரு மூடிக்குள் வைத்திருக்கிறார்கள். உள்ளே கேம் ஷாஃப்ட்டிலிருந்து ஒரு குச்சி வந்து பாயின்ட்டைத் தள்ளித் திறக்கும். மூடியைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றிப் பாயின்ட் முழுதாகத் திறந்த இடத்தில் நிறுத்தி, 20 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு கனமுள்ள ஃபீலர் கேஜை நடுவில் விட்டு, இழுத்தால் லேசாகப் பிடிக்கிற அளவுக்குத் திருகை முறுக்கினால் வேலை முடிந்தது. டீ ஆறுவதற்குள் முடிக்கலாம். அந்தப் பெட்டியை வெளியே வைக்க வேண்டும் என்று எவரோ ஒருவர் வரைபட மேசையில் முடிவெடுத்திருக்கிறார். சொந்தக்காரரின் கையை மனதில் வைத்து எடுத்த முடிவு அது.

ஸ்டார்ட்டரும் டைனமோவும் அதில் ஒரே உருப்படி. சாவியைத் திருப்பினால் பெல்ட் வழியாக எஞ்சினைச் சுற்றும். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அதே பெல்ட் அதைச் சுற்ற, பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும். என் அப்பா கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சினின் லீவரைத் தூக்கிவிட்டு, கைப்பிடி போட்டுச் சுற்றி, வேகம் வந்ததும் லீவரை விடுவார். ‘டுப் டுப்’ என்று பிடித்துக்கொள்ளும். 110 பிடிக்கிற விதம் வேறுதான், ஆனாலும் ஒற்றை சிலிண்டரின் அந்த அடியில் எனக்கு ஊர் கேட்கிறது. எங்கள் ஊரில் புல் என்றால் மாட்டுக்கு. அறுத்த புல்லை ஒரு மாடும் தின்னாமல் அப்படியே மண்ணில் விடுவது எனக்குப் பழக நாளாயிற்று.

1969-இல் ஜான் டியர் ஒரு வேலை செய்தது. பச்சையை விட்டுவிட்டு வெள்ளை டிராக்டர். பானெட்டும் இருக்கையும் மட்டும் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, நீலம் என்று நான்கு வண்ணத்தில் கேட்டு வாங்கலாம். பேட்டியோ என்று பேர். வீட்டின் பெயின்ட்டுக்குப் பொருத்தமாக டிராக்டர். இரண்டு மூன்று வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள், வாங்குகிறவர்கள் பச்சையைத்தான் கேட்டார்கள். பண்ணையை விட்டுவந்தவன் கொல்லையில் நிறுத்த விரும்பிய நிறம் அது. எனக்கு அந்த மனசு புரிகிறது.

பெரியவரின் இடக்கையில் நடுவிரல் நுனி கிடையாது. எழுபதுகளில், தள்ளு இயந்திரத்தின் வாயில் அடைத்த ஈரப்புல்லை, எஞ்சின் ஓடும்போதே கையால் இழுத்தாராம். அந்தக் காலத்தில் கைப்பிடியை விட்டாலும் கத்தி சுற்றிக்கொண்டே இருக்கும். 1982-இலிருந்து அமெரிக்காவில் விற்கும் தள்ளு இயந்திரம் எதிலும், கைப்பிடியை விட்ட 3 விநாடிக்குள் கத்தி நின்றாக வேண்டும். பழையதைக் கொண்டாடுகிற நான் இந்தச் சட்டத்தையும் முழுமனதாகக் கொண்டாடுகிறேன். 110-இல் இருக்கையை விட்டு எழுந்தால் எஞ்சின் நிற்கும் ஸ்விட்ச் ஒன்றை நானே வைத்துக்கொண்டேன்.

இயந்திரம் பிறந்த இதே மண்ணில்தான் அதை எதிர்த்த குரலும் எழுந்தது. மில்வாக்கிக்கு வடக்கே பேசைட் கிராமத்தில் லோரி ஓட்டோ என்ற பெண்மணி, வாசலில் புல்லுக்குப் பதில் இந்த மண்ணின் காட்டுப் பூச்செடிகளை வளர்த்தார். களை என்று சொல்லி ஊர் நிர்வாகம் ஆள் விட்டு வெட்டிவிட்டது. அவர் சண்டை போட்டு இழப்பீடு வாங்கினார். விஸ்கான்சினில் டிடிடி பூச்சிமருந்தைத் தடைசெய்ய வைத்த போராட்டத்திலும் அவர் முன்னால் நின்றவர். இன்னொரு பக்கம், நியூ பெர்லின் ஊரில் டொனால்ட் ஹேகர் என்ற வனவிலங்கு அறிஞர் தம் நிலத்தைப் புல்வெளிக் காடாக வளரவிட, புல் 12 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று ஊர் வழக்குப் போட்டது. 1976-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 1979-இல் மில்வாக்கியில் ஓட்டோவைப் பின்பற்றியவர்கள் வைல்ட் ஒன்ஸ் அமைப்பைத் தொடங்கினார்கள்.

இந்த எதிர்ப்பின் எடை சில வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நாசா ஆய்வாளர்கள் 2005-இல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டபோது, வீட்டு வாசல், கோல்ஃப் மைதானம் எல்லாம் சேர்த்து அமெரிக்கப் புல்வெளியின் பரப்பு சுமார் 1,60,000 சதுர கிலோமீட்டர் என்று வந்தது. தமிழ்நாடு முழுவதும் 1,30,000 தான். ஒரு மாநிலத்தைவிடப் பெரிய நிலத்தில் ஒரே மாதிரி புல்லை வளர்த்து, வாரா வாரம் வெட்டி, மருந்தடிக்கிறோம். எங்கள் நிலத்தின் பின்பாதியை அதன்பின் வெட்டுவதில்லை. மஞ்சள் கூம்புப் பூவும், என் தோளுயரம் வளரும் புளூஸ்டெம் புல்லும் அங்கே நிற்கின்றன. அங்கே பாதை போடவும், மரத்தூள் வண்டி இழுக்கவும், பனி தள்ளவும் 110 வருகிறது. அது எதற்காகப் பிறந்ததோ அந்த வேலைகளையே இப்போதுதான் அதிகம் செய்கிறது.

போர்ட் வாஷிங்டனில் சிம்ப்ளிசிட்டி ஆலை 2008-இல் மூடப்பட்டது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 2020-இல் திவால் நீதிமன்றம் போய், வேறு கைக்கு மாறியது. கலிஃபோர்னியா, 2024 முதல் தயாராகும் புதிய பெட்ரோல் புல்வெட்டும் இயந்திரங்களை விற்கக் கூடாது என்று விதி போட்டது. பேட்டரி வருவது நல்லதுதான், காதுக்கும் காற்றுக்கும். பேட்டரி இயந்திரத்திலும் பாயின்ட் பெட்டியை வெளியே வைத்த அந்த மனிதரைப் போல ஒருவர் வரைபட மேசையில் உட்கார வேண்டும். செல் செத்தால் செல்லை மாற்ற முடிய வேண்டும்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் மில்வாக்கிப் பக்கம் புதிதாக வீடு வாங்கிய நம் பிள்ளைகள் ஃபோன் பண்ணுவார்கள். “அக்கா, எந்த மோவர் வாங்கறதுங்க?”

“எவ்வளவு நிலம் தம்பி?”

“கால் ஏக்கருங்க்கா.”

“அப்ப டிராக்டர் எதுக்கு? தள்ளற பேட்டரி மோவர் போதும். பாதியைப் பூச்செடிக்கு விடு, ஊர்ச் சட்டம் என்னன்னு மட்டும் முதல்ல பார்த்துக்க.”

ஒரு ஏக்கர் என்று யாராவது சொன்னால் என் கேள்விகள் மாறும். கத்தியைத் தாங்கும் தகடு எத்தனை கனம்? கியர் பெட்டியில் எண்ணெய் மாற்றத் திருகு இருக்கிறதா? பெட்டிமேல் போட்டிருக்கும் குதிரைத்திறனை அவ்வளவாக நம்ப வேண்டாம் என்பேன். எண்ணைக் கூட்டிப் போட்டதாகப் பல நிறுவனங்கள்மேல் நடந்த வழக்கு 2010-இல் சமரசமாக முடிந்தது. பழையது கிடைத்தால், வாங்குவதற்கு முன் என்னைக் கூப்பிடு, ஃபீலர் கேஜோடு வருகிறேன் என்றும் சொல்லிவைப்பேன். போன வசந்தத்தில் வாக்கேஷா பக்கத்துப் பிள்ளை ஒருத்தி ஒரு பழைய சிம்ப்ளிசிட்டியைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். இருவரும் போய்ப் பார்த்தோம். பிளாக் விரிசலில்லை, கம்ப்ரஷன் இருந்தது, கார்புரேட்டர் மட்டும் பழைய பெட்ரோல் உறைந்து அடைத்திருந்தது. வாங்கிவிட்டாள்.